வெள்ளத்தில் போன தாய்ப் பத்திரம்

"சார், வில்லங்க சர்டிபிகேட் சுத்தமாக இருக்கிறது. ஒரு பதிவுகூட இல்லை. அப்புறம் என்ன பயம்?"

இந்தக் கேள்வியைக் கேட்காத ஜூனியர் வக்கீல் இன்னும் பிறக்கவில்லை. நேற்றுகூட உங்களில் ஒருவர் அந்தக் காகிதத்தை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு வந்து கேட்டார். பெயரைச் சொல்ல மாட்டேன். மூக்குக் கண்ணாடி போட்டவர். நீங்கள் எல்லோருமே மூக்குக் கண்ணாடிதான், ஆகையால் தைரியமாக உட்காருங்கள்.

அந்தச் சர்டிபிகேட் என்ன சொல்லும்? ரிஜிஸ்தர் ஆபீஸ் புத்தகத்தில் ஏறினதைச் சொல்லும். ஏறாததைச் சொல்லுமா? உலகத்தில் கடன் வாங்குகிறவன் எல்லாம் தண்டோரா போட்டுவிட்டா வாங்குகிறான்? "அது வாசல் கோலம் ஐயா. கோலம் அழகாக இருந்தால் உள்ளே சண்டை இல்லை என்று அர்த்தமா?" என்பார் எங்கள் சீனியர். மனிதர் வாயைத் திறந்தால் ஒன்று வசவு வரும், இல்லாவிட்டால் இப்படி ஏதாவது வரும். இரண்டையும் வாங்கிக்கொண்டுதான் நாங்கள் தொழில் கற்றோம்.

கோலம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். என் வாழ்நாளில் எத்தனையோ கிரயங்களை முடித்துக் கொடுத்திருக்கிறேன். இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

நான் தனியாகப் பெயர்ப்பலகை மாட்டிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ரங்கூனிலிருந்து ஒரு ராவுத்தர் என்னைத் தேடி வந்தார். திருச்சி பாலக்கரைக்காரர். மீசை முளைக்கும் முன்னே கப்பலேறி, அங்கே ஒரு கைலிக் கடையில் எடுபிடியாக நின்று, பிறகு சொந்தக் கடை வைத்தவர். அந்த ஊரில் நம்மவர்களுக்குக் காலம் சரியில்லை என்று தெரிந்ததும், கடையை விற்றுக் காசாக்கிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டார். பெரிய கடைவீதியில் ஒரு கட்டிடம் விலைக்கு வந்திருந்தது. கீழே கடை, மேலே குடியிருக்க இரண்டு அறை. அதை வாங்கிக் கைலிக் கடை போட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"வக்கீல் ஐயா, இந்தப் பணம் என் உசுருங்க. இது போச்சுன்னா மறுபடி கப்பலேற எனக்கு வயசில்ல. மூணு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. நீங்க சரின்னா வாங்குறேன், வேணாம்னா விட்டுடுறேன். அல்லாவுக்கு அடுத்து உங்க வார்த்தைதான்."

பேச்செல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும். நான் வேண்டாம் என்று சொன்னபோது மனிதர் என்ன பாடு படுத்தினார் என்று பின்னால் பாருங்கள்.

கட்டிடத்தின் சொந்தக்காரர் ஸ்ரீரங்கத்து அய்யங்கார். வடக்கு வாசலுக்கு வெளியே, கொள்ளிடத்தைப் பார்த்த மாதிரி வீடு. கட்டிடம் அவருடைய தகப்பனார் வாங்கி வைத்தது. இவர் ஒரே பிள்ளை. குழந்தை குட்டி கிடையாது, ஆகவே பங்காளி வழக்குக்கும் இடமில்லை. பெருமாளைச் சேவிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். ஊரில் அவர் சொல்லுக்கு நல்ல மதிப்பு. பொய் சொல்லிப் பழக்கமே இல்லாதவர், அதனால்தான் சொல்ல நேர்ந்த ஒரே பொய்யை அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வில்லங்க சர்டிபிகேட் பார்த்தேன், துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. வரி ரசீதுகள் இருந்தன. தகப்பனார் வாங்கிய கிரயப் பத்திரத்துக்கு மட்டும் ரிஜிஸ்தர் ஆபீஸில் எடுத்த நகல் வந்திருந்தது, அசலைக் காணோம்.

"சுவாமி, தாய்ப் பத்திரம் எங்கே?"

"அது வெள்ளத்துல போயிடுத்து" என்றார், அங்கவஸ்திரத்தின் நுனியைப் பார்த்துக்கொண்டு.

அந்த வெள்ளத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவேரியும் கொள்ளிடமும் ஒன்றாகச் சேர்ந்து ஸ்ரீரங்கத் தீவையே முழுங்கப் பார்த்த வெள்ளம். நிஜமாகவே வீடும் மாடும் போனவர்கள் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் அந்த வெள்ளத்தின் தலையில் ஏறின பழி கொஞ்சமா? பங்காளிக்குக் காட்டக் கூடாத பத்திரம், மருமகளுக்குத் தெரியக் கூடாத நகை, திருப்பிக் கொடுக்க மனசில்லாத வெள்ளிக் கூஜா, எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது. கொள்ளிடம் தின்ற பத்திரங்களை மட்டும் அடுக்கினால் மலைக்கோட்டை உயரம் வரும்.

அதற்காக எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்றும் முடிவு கட்ட முடியாது. ஆகையால் விசாரிக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று நினைத்தேன். அவகாசத்துக்கு எமன் ஒருவன் இருந்தான், தரகன். ஆனி மாதம் முடியப்போகிறது, ஆடி பிறந்தால் அய்யங்கார் கையெழுத்துப் போட மாட்டார், ஆவணிக்குள் வேறு ஆள் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று அவன் ராவுத்தர் காதில் ஓதிக்கொண்டே இருந்தான்.

நம் ஊரில் எத்தனையோ பேரைக் கெடுத்தது கடன் இல்லை, இந்த ஆனிக் கடைசிதான். மாதம் முழுவதும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைசி இரண்டு நாள் ரிஜிஸ்தர் ஆபீஸில் தேர்க் கூட்டம். ஆடியில் வாங்கினால் ஆகாது என்ற பயத்தில், எதை வாங்குகிறோம் என்று பார்க்க மறந்துவிடுவார்கள். ராவுத்தருக்கு ஆடியும் இல்லை, ஆவணியும் இல்லை. ஆனாலும் பயம் தொற்றுவியாதி அல்லவா, அவரையும் பிடித்துக்கொண்டது.

ஆக ஆனிக் கடைசி நாளில் பதிவு என்று நிச்சயமாயிற்று. முத்திரைத் தாளில் எழுதி முடித்தாயிற்று. ராவுத்தர் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு காலையிலேயே ரிஜிஸ்தர் ஆபீஸ் மரத்தடிக்குப் போய்விட்டார். நான் ஜட்காவை ஸ்ரீரங்கத்துக்கு விடச் சொன்னேன், அய்யங்காரை நானே அழைத்துவருவதாக. வக்கீல் எதற்குக் கட்சிக்காரனைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், அதுவும் எதிர்க்கட்சிக்காரனை என்று கேட்பீர்கள். ஒரு சொத்தை விற்கிறவனை அவன் வீட்டில் வைத்து ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆபீஸுக்கு வருகிறபோது எல்லோரும் சலவை வேட்டிதான்.

கூடத்தில் உட்காரவைத்தார்கள். மாமி காப்பி கொண்டுவந்து வைத்தார். எதிரே சுவரோரம் பெருமாள் எழுந்தருளியிருக்கும் மரப்பெட்டி. கோயிலாழ்வார் என்பார்கள் அவர்கள். நான் லால்குடிப் பக்கத்து ஸ்மார்த்தன், ஆனாலும் அந்தப் பெட்டியின் வேலைப்பாட்டைப் பார்த்ததும் கை தானாகக் கூப்பிக்கொண்டது. பழைய மரம். அடியில் தண்ணீர்க் கறை இல்லை, உப்பு பூத்ததும் இல்லை. அய்யங்கார் உள்ளே பஞ்சகச்சம் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, அந்த வெள்ளத்தப்போ இங்கே ரொம்ப சிரமப்பட்டிருப்பேளே?" என்று கேட்டேன். பேச்சுக்குக் கேட்ட மாதிரிதான் கேட்டேன்.

"ஏன் கேக்கறேள்! விடிஞ்சு கண்ணை முழிச்சா வாசப்படி வரைக்கும் தண்ணி. இவர் எங்க மாமியாரை முதுகுல தூக்கிண்டார். நான் பெருமாளை ஏளப்பண்ணிண்டேன், பெட்டியோட தலையில வெச்சுண்டு. இடுப்பளவு தண்ணியில நடந்து கோயில் மதிலுக்குள்ள போய்ச் சேர்ந்தோம். வேற எதையும் எடுக்கலை. உப்புச் சாடி, அரிசி மூட்டை, ஊஞ்சப் பலகை எல்லாம் கொள்ளிடத்துக்கு. இந்தப் பெட்டி மேல ஒரு சொட்டு ஜலம் படலை. சாளக்கிராமமும் அப்படியே, அதுக்கு அடியில மாமனார் வெச்ச பத்திரமும் அப்படியே. எங்காத்துல பத்திரம் எப்பவும் பெருமாள் திருவடியிலதான் இருக்கும்."

அறை வாசலில் அய்யங்கார் நின்றுகொண்டிருந்தார். கட்டிக்கொண்டிருந்த கச்சத்தின் முனை கையிலேயே நின்றுவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். "அப்படியானால் பத்திரம் எங்கே?" என்று அங்கேயே கேட்டிருக்கலாம். பிடித்தேன் பார் என்று மீசையை முறுக்கியிருக்கலாம். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருடன் போலீஸைப் பார்த்தால் ஒரு மாதிரி பயப்படுவான். இது அந்தப் பயம் இல்லை. ஒருவர் யாருக்குப் பயப்படுகிறார் என்று தெரிந்துகொண்டால் பாதி வழக்கு முடிந்தது. நான் காப்பியைக் குடித்து முடித்தேன். "பெருமாள் கிருபை" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஜட்கா அம்மா மண்டபம் வந்ததும் நிறுத்தச் சொன்னேன். படித்துறையில் இறங்கினோம். காவேரியில் புது வெள்ளம் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"சுவாமி, மெட்ராஸ்ல யார்கிட்ட இருக்கு?"

"எது?"

"ஆத்துப் பெருமாள் திருவடியில இருந்தது."

ஏன் மெட்ராஸ் என்று கேட்டேன் தெரியுமா? சட்டத்தில் அப்போது ஒரு வேடிக்கை. திருச்சியில் ஒருவனிடம் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கினால் அது அடமானமே ஆகாது. எழுதி, பதிவு செய்தால்தான் உண்டு. ஆனால் மெட்ராஸ் மாதிரியான சில பட்டணங்களில், பத்திரத்தை ஈடாகக் கையில் கொடுத்தாலே போதும், அடமானம் ஆகிவிடும். எழுத்து வேண்டாம், பதிவு வேண்டாம். சொத்து எந்த ஊரில் இருந்தாலும் சரி, கைமாறும் இடம் பட்டணமாக இருக்க வேண்டும். அதனால் பதிவு புத்தகத்தில் பெயர் வரக் கூடாது என்று நினைக்கும் கௌரவஸ்தர்கள் பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு எழும்பூருக்கு ரயிலேறுவார்கள். வில்லங்க சர்டிபிகேட்டில் ஒரு பொட்டு இருக்காது. கடன் என்னவோ சொத்தின் கழுத்தில் உட்கார்ந்திருக்கும், யார் வாங்கினாலும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். நகலை நம்பி வாங்கினேன், எனக்குத் தெரியாது என்று வாங்கினவன் அழுதால் கோர்ட்டு, "மூலத்தை ஏன் கேட்கவில்லை?" என்று அவனையே திருப்பிக் கேட்கும்.

அய்யங்கார் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என் மச்சினன். அவளுக்குக் கூடப்பொறந்தவன் அவன் ஒருத்தன்தான். மயிலாப்பூர்ல அச்சாபீஸ் வெச்சான். காலை வாரி விட்டுடுத்து. ஜப்தி வர நிலைமை. என் கால்ல வந்து விழுந்தான். அவளுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. நான் மெட்ராஸ் போய் பத்திரத்தைக் கொடுத்துட்டு வாங்கிக் கொடுத்தேன். அவனால திருப்ப முடியலை. இப்போ வித்த பணத்தை வாங்கிண்டு நாளைக்கே ரயிலேறிக் கடனை அடைச்சு, பத்திரத்தை மீட்டுக் கொண்டுவந்து ராவுத்தர் கையில கொடுத்துடணும்னுதான் இருந்தேன். சத்தியமா ராவுத்தரை மோசம் பண்ணணும்னு இல்லை."

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அதனால்தான் இன்னும் பயந்தேன். மோசக்காரனாக இருந்தால் முகத்தில் ஏதாவது தெரியும், சுதாரித்துக்கொள்வோம். இவர் நாளைக்கே அடைப்பார், சரி. ரயிலில் மாரடைத்தால்? பணத்தைப் பார்த்ததும் மச்சினன் இன்னொரு தடவை காலில் விழுந்தால்? கடன்காரன் கூடக் கேட்டால்? நல்ல எண்ணம் என்பது ஈடு ஆகாது. அதை உங்கள் மேஜை மேல் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

"இன்றைக்குப் பதிவு கிடையாது" என்றேன். "ராவுத்தரிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டும். அவர் என் கட்சிக்காரர். மாமியிடம் சொல்ல வேண்டியது என் வேலை இல்லை."

"அவளுக்குத் தெரியக் கூடாது. அது ஒண்ணு போறும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரிஜிஸ்தர் ஆபீஸ் மரத்தடியில் ராவுத்தரைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அல்லாவுக்கு அடுத்தது என் வார்த்தை என்று சொன்னவர், என் மேல்தான் பாய்ந்தார்.

"என்னங்க வெளையாடுறீங்களா? எத்தன நாளைக்கு நான் இந்தப் பணத்த மடியில கட்டிக்கிட்டுத் திரியிறது? ராத்திரி தூக்கம் இல்லீங்க! அவருதான் அடைச்சுடறேங்கிறாருல்ல, பெரிய மனுசரு!"

தரகன் வேறு பக்கத்தில் வந்து, "வக்கீலுங்களுக்கு இதே பொழப்புங்க. காரியம் நடந்துட்டா ஃபீஸ் நின்னுடும்ல?" என்றான். அவன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வேறு வேலை நினைவுக்கு வந்து போய்விட்டான்.

"ராவுத்தரே, இவர் பெரிய மனுஷர்தான். இவரை நம்பி உங்கள் பெண்ணைக்கூடக் கொடுக்கலாம். ஆனால் இன்றைக்குப் பணத்தைக் கொடுத்தால், நாளை ஏதாவது ஒன்று நடந்தால், மெட்ராஸ்காரன் உங்கள் கடையை ஏலத்துக்குக் கொண்டுவருவான். கைலியை எல்லாம் தெருவில் எடுத்து வைப்பான். அப்போது யார் வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள்?"

மனிதருக்கு முகம் சிவந்தது. அய்யங்காரை நோக்கி நடந்தார். அடித்துவிடுவாரோ என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏன் சாமி, யாருக்காக இப்படிப் பண்ணுனீங்க?"

"மச்சினனுக்கு" என்றார் அய்யங்கார், தலையைக் குனிந்துகொண்டு.

ராவுத்தர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ரங்கூன்ல என் மொத கடை எப்படிப் போச்சுன்னு கேளுங்க! வீட்டுக்காரியோட தம்பி! மச்சினன் இல்லாத ஊரு எது, சாமி?" என்று மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபம் போய்விட்டது. "ஆனா பணத்த உங்க கையில தரமாட்டேன். சொல்லிட்டேன்" என்றார்.

"நானும் அதைத்தான் சொல்லப்போகிறேன்" என்றேன்.

மறுநாள் காலை மூவரும் எழும்பூரில் இறங்கினோம். மாமியிடம் ஹைகோர்ட்டில் ஒரு காகித வேலை என்று அய்யங்கார் சொல்லிவைத்திருந்தார். கடன் கொடுத்தவரின் கடை ஜார்ஜ் டவுனில் ஒரு சந்தில். தலைக்கு மேல் மின்விசிறி, எதிரே சாய்வு மேஜை, பளபளவென்று சிரிப்பு. வாங்குகிற ஆள் பணத்தோடு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் சிரிப்பு இன்னும் அகலமாயிற்று.

"சந்தோஷம். அதோட மச்சினர் எழுதிக் கொடுத்த புரோநோட்டு ஒண்ணு இருக்கு. அதையும் சேத்து முடிச்சுட்டா பத்திரத்தை எடுத்துக்கலாம்" என்றார்.

அய்யங்கார் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு நோட்டு இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் பத்திரத்தைக் கொடுத்த பிறகு மச்சினன் தனியாக வாங்கியது. அதையும் கட்டினால் கட்டிடம் விற்ற பணத்தில் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ராவுத்தரோ, கட்டித் தொலைத்துவிட்டு முடித்துக்கொண்டு போகலாமே என்று என் காதில் கிசுகிசுக்கிறார். ஒரு பக்கம் ஒருவர் அழுகிறார், ஒரு பக்கம் ஒருவர் அவசரப்படுகிறார், எதிரே ஒருவர் சிரிக்கிறார். நம் தொழிலே இதுதான்.

"இந்தப் பத்திரம் எந்தக் கடனுக்கு ஈடாகக் கைமாறிற்றோ அந்தக் கடனைத் தருகிறோம், வட்டியோடு" என்றேன். "புரோநோட்டுக்கு எழுதினவனைப் பிடியுங்கள்."

"அப்போ பத்திரம் இங்கேயே இருக்கட்டுமே. எனக்கென்ன அவசரம்?"

நான் எழுந்துவிட்டேன். "ராவுத்தரே, பணத்தைக் கட்டுங்கள் மடியில். சுவாமி, எழுந்திருங்கோ. அடமானப் பணத்தைத் திருச்சி கோர்ட்டில் கட்டிவிடலாம், சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. கட்டி, இவருக்கு நோட்டீஸ் போனால் வட்டி நின்றுவிடும். பத்திரத்தைக் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டு இவர் பணத்தை வாங்கிக்கொள்ளட்டும். மலைக்கோட்டையையும் பார்த்த மாதிரி இருக்கும்."

வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. வட்டிக்குக் கொடுப்பவனுக்கு எமன் வருகிறான் என்றால்கூட அவ்வளவு பயம் இல்லை, வட்டி நிற்கிறது என்றால்தான் பயம். "உக்காருங்க வக்கீல் சார், ஒரு சோடா சாப்பிடுங்க" என்று கூப்பிட்டார். இரும்புப் பெட்டி திறந்தது. கணக்குத் தீர்ந்தது என்று எழுதி வாங்கிக்கொண்டேன். பத்திரம் அய்யங்கார் கைக்கு வந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் செருகப்போனார்.

"கொஞ்சம் இருங்கோ. அதை இங்கேயே, இந்த ஊர் மண்ணில் நின்றுகொண்டே ராவுத்தர் கையில் ஈடாகக் கொடுங்கோ" என்றேன். "அவர் பணம்தான் இப்போது போயிருக்கிறது. ஊருக்குப் போய்க் கொடுத்தால் அது வெறும் காகிதம். இங்கே கொடுத்தால் பதிவு ஆகிறவரை அவருக்கு அடமானம்."

முதல்நாள் ராவுத்தரைக் குழியில் தள்ளப் பார்த்த அதே சட்டம்தான் இப்போது அவரைத் தூக்கிவிட்டது. சட்டத்தைத் திட்டாதீர்கள் என்று நான் சொல்வது இதற்குத்தான். அது கத்தி மாதிரி, பிடி எந்தப் பக்கம் என்று பார்த்துப் பிடிக்க வேண்டும். ராவுத்தர் இரண்டு கையாலும் பத்திரத்தை வாங்கிக்கொண்டார். ரயிலில் திருச்சி வரும்வரை மனிதர் அதைக் கீழே வைக்கவில்லை, சாப்பிடும்போதுகூட.

ஊர் வந்ததும் பதிவு. ஆடி பிறந்துவிட்டது. ரிஜிஸ்தர் ஆபீஸில் ஈ, காக்கை இல்லை. அரைமணியில் முடிந்தது. அய்யங்காருக்குக் கொஞ்சம் பணமும் மிஞ்சியது. ராவுத்தரும் நானும் அவரை வீட்டில் விடப் போனோம்.

"ஆடியிலயா பதிவு பண்ணினேள்?" என்று மாமி கேட்டார்.

அய்யங்கார் விழித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ராவுத்தர் முந்திக்கொண்டார். "நான்தாம்மா அவசரப்படுத்துனேன். ரங்கூன்லேர்ந்து சரக்கு வந்து எறங்கிடுச்சு, வைக்க எடமில்ல. சாமி எனக்காகச் சரின்னுட்டாரு. கோவிச்சுக்காதீங்க." சரக்கும் இல்லை, கப்பலும் இல்லை. அந்தப் பொய்யை அவர் நன்றாகவே சொன்னார்.

அய்யங்கார் கால் அலம்பக் கொல்லைப்புறம் போனார். ராவுத்தர் ஜட்காவுக்குப் போய்விட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மாமி நிலைப்படி அருகே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் தம்பி கடன் தீர்ந்துதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செருப்பு காலிலேயே தொங்கியது.

"தை மாசம் இங்க வந்திருந்தான். இவர் கோயிலுக்குப் போயிருந்தப்போ என் மடியில படுத்துண்டு எல்லாத்தையும் சொல்லி அழுதான். இவர் எனக்குத் தெரியக் கூடாதுன்னு ஒளிச்சு வெச்சுண்டிருக்கார். சரி, நானும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். அது எங்களுக்குள்ள. ஆனா அந்த ராவுத்தர் என்ன பாவம் பண்ணினார்? மூணு பொண்ணு இருக்காமே. இவர் முகத்துக்கு நேரே நான் எப்படிச் சொல்றது? யாராவது வாயைத் திறந்து கேக்க மாட்டாளான்னு பெருமாளை வேண்டிண்டேன். நீங்க கேட்டேள்."

நான் கண்டுபிடித்தேன் என்று இரண்டு நாளாக மார்தட்டிக்கொண்டிருந்தேன் பாருங்கள், அது அந்த நிலைப்படியிலேயே இறங்கிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"மாமி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. உங்களுக்குத் தெரியும்னு அவர்கிட்ட இனிமே சொல்லிடலாமே?"

"வேண்டாம், வேண்டாம். என்னைக் காப்பாத்திட்டோம்னு அவருக்கு ஒரு திருப்தி இருக்கு. கட்டிடம்தான் போயிடுத்து. அந்தத் திருப்தியையும் அவர்கிட்டேர்ந்து நான் பிடுங்கிக்கணுமா?"

கொல்லைக் கதவு சத்தம் கேட்டதும் உள்ளே போய்விட்டார். அய்யங்கார் ஈரக் காலோடு வாசலுக்கு வந்தார். என்னோடு ஜட்கா வரை நடந்தார். வண்டியில் ஏறப்போன என் தோளைத் தொட்டு நிறுத்தி, திரும்பி ஒருமுறை வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அவளுக்கு ஏதாவது சந்தேகம் தட்டித்தா?"

"இல்லை சுவாமி. ஒரு சந்தேகமும் இல்லை" என்றேன்.

அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை" என்றார். "தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."